இரண்டாவது புள்ளி

"நில்லுங்க அண்ணி! அந்தக் கையைத் தேய்க்காதீங்க!"

நாத்தனார் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். ஈரத்துணியிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. துணி வெட்டுவதற்காகப் போட்ட நீள மேசையில், தையற்காரியின் புருஷன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முகம் துடைத்தாயிற்று. கழுத்து, மார்பு, வலது கை எல்லாம் ஆயிற்று. இடது கைதான் பாக்கி.

"என்னடி, இப்படிப் பயமுறுத்துற?"

தையற்காரி புருஷனின் இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கை விறைத்திருந்தது, திருப்புவதே பெரும்பாடாக இருந்தது. உள்பக்கம், நாடி பார்க்கிற இடத்தில், நீலப் பேனாவால் 733 என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்திருந்தது. இன்னொரு புள்ளி எங்கேயாவது மங்கலாக இருக்கிறதா என்று அவள் முந்தானையால் ஈரத்தை ஒற்றிவிட்டுத் தேடினாள். இல்லை. ஒன்றுதான்.

முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே போய்விட்டார். முப்பது வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சரில் திரும்பிப் போனார். அங்கே டாக்டர் ஒரு தடவை மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவராக இருந்திருந்தால் இரண்டு தடவை பார்த்திருப்பார்.

ஆய்வகத்தில் அவருக்கு 'ரெண்டுவாட்டி' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். கல்யாணத்துக்குக் கேட்டதே இரண்டு தடவை. முதல் நாள் கேட்டார், அவளும் சரி என்றாள். மறுநாள் காலையில் அவள் தையல் கடை வாசலில் வந்து நின்று, "நேத்து சரின்னீங்க. இன்னைக்கும் சரிதானே?" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். இப்படி ஒரு மனுஷன் தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று அவளுக்கு அப்போதே பட்டுவிட்டது.

அவர் பார்த்தது பூஞ்சைச் சோதனை. எய்ட்ஸ் வந்து எதிர்ப்புச் சக்தி வற்றிப்போனவர்களைக் குறிவைக்கிற பூஞ்சை ஒன்று உண்டு. மற்றவர்கள் மூச்சில் இழுத்துவிட்டு ஒன்றும் ஆகாமல் போகிற சரக்குதான். இவர்களுக்குள் போனால் ரத்தத்தில் இறங்கி, மூளையைச் சுற்றிய உறையில் குடியேறிவிடும். முதலில் தலைவலி. வெயிலில் அலைந்தது என்று மாத்திரை போட்டுக்கொள்வார்கள். பிறகு கழுத்து விறைக்கும், பார்வை மங்கும். அதற்குமேல் பெரும்பாலும் கைமீறிப்போன கேஸ்தான். ஆனால் அந்தப் பூஞ்சை தன் மேல்தோலிலிருந்து துணுக்குகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஆன்டிஜன் என்று அதற்குப் பெயர். தலைவலி வருவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே அது ரத்தத்தில் மிதக்க ஆரம்பித்துவிடும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் விரல் நீள ஸ்ட்ரிப் ஒன்றை நிறுத்திப் பத்து நிமிஷம் காத்திருந்தால், ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது.

"திருடன் ஆள் மாட்டமாட்டான். ஆனா செருப்புத் தூசியை விட்டுட்டுப் போயிருப்பான்ல, அதைத்தான் நான் தேடறேன்" என்று அவளிடம் ஒருநாள் சொன்னார்.

நோயாளிகளின் பெயரை அவர் வீட்டில் சொன்னதே கிடையாது. எண்தான். "ஐநூத்தியாறு இன்னைக்கு எழுந்து உக்காந்துட்டாரு." "அறுபத்திநாலு வீட்டுக்குப் போறாரு, என்கிட்ட வந்து கை கொடுத்தாரு." அவளும் மெஷினை மிதித்துக்கொண்டே, "அந்த நூத்திப்பத்து என்ன ஆச்சு, சாப்பிடறாங்களா?" என்று கேட்பாள். முகம் தெரியாத அத்தனை பேரும் அவளுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமாகிவிட்டார்கள்.

இந்தக் கையில் எழுதும் பழக்கம் வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று ஒரு சமையல்காரர். தலைவலி என்று வந்தார். ஸ்ட்ரிப்பில் ஒரு கோடுதான் வந்தது. இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அதே சமையல்காரரைக் கண் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மூன்றாம் நாள் போய்விட்டார். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த பழைய தெளிநீரை எடுத்து, கரைசல் விட்டு நீர்க்க வைத்து மறுபடி ஸ்ட்ரிப் போட்டால், இரண்டாவது கோடு கட்டைவிரல் நகம் மாதிரி பளிச்சென்று நிற்கிறது! அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப அதிகமா இருந்திருக்கு. அதான் தெரியல."

"அதிகமா இருந்தா நல்லாத்தானே தெரியணும்?"

"இல்ல. ஒரே வாசல்ல நூறு பேர் முண்டியடிச்சா ஒருத்தனும் உள்ள வரமுடியாது பாரு, அப்படி. கொஞ்சம் தண்ணி காட்டி, பத்துப் பத்தா அனுப்பியிருந்தா வந்திருப்பான். எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். படிச்சும் ஒரு தடவைதான் பார்த்தேன்."

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, தலைவலி என்று சொல்லி வந்து, ஸ்ட்ரிப்பில் 'இல்லை' என்று வந்த ஒவ்வொருவரின் எண்ணும் அவர் மணிக்கட்டில் ஏறியது. முதல் சோதனை முடிந்தால் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. நீர்க்க வைத்துச் செய்கிற இரண்டாவது முடிந்தால் இன்னொரு புள்ளி. ஆய்வக விதிப்படி ஒன்றுதான் வேண்டும், ஒன்றோடு அறிக்கை போய்விடும். இரண்டாவது அவராகப் போட்டுக்கொண்ட விதி. இரண்டு புள்ளியும் விழுந்தபிறகுதான் எண்ணைக் கழுவுவார், அதுவும் வீட்டுக்கு வந்து, பின்பக்கக் குழாயடியில், அவளிடம் காட்டிவிட்டு. என்றைக்காவது ஸ்ட்ரிப் தீர்ந்து ஒற்றைப் புள்ளியோடு வந்தால், அன்றைக்கு இடது கையைத் தண்ணீரில் நனைக்காமல் ஒற்றைக் கையால் குளிப்பார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

"ஒரு பேப்பர்ல எழுதிக்கக்கூடாதா? ஊர் உலகத்துல இல்லாத பழக்கம்!"

"பேப்பர் தொலையும். கை தொலையுமா?"

இப்போது அந்தக் கை அவள் மடியோரம் இருந்தது. கனத்தது. வேலை பாதியில் நிற்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"பேனாக் கிறுக்கலுக்கா இப்படிக் கத்துன?" என்றாள் நாத்தனார். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். பத்து வயசு மூத்தவள். தம்பி இந்த வேலைக்குப் போன புதிதில், வாசலிலேயே உடுப்பை உதறிவிட்டு உள்ளே வா என்று சட்டம் போட்டவளும் அவள்தான். அவர் மறுக்காமல் இரண்டு தடவை உதறிவிட்டு உள்ளே வந்தார். ஒரு மாதத்தில் அவளுக்கே வெட்கமாகிப் போயிற்று. "விடு, சோப்புப் போட்டா போயிடும்."

"போகக்கூடாது அண்ணி. வேலை முடியல."

"யாரு வேலை?"

"இவரு வேலை."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற தையற்காரியின் மகனைப் பார்த்தாள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது. மகன் மெதுவாக வந்து, "அம்மா, பன்னிரண்டு மணிக்கு வண்டி வருது" என்றான்.

"வரட்டும். உங்கப்பா கூட வேலை பாக்கற கண்ணாடிக்காரி வந்திருக்காளா பாரு. கூட்டிட்டு வா."

ஆய்வகமே வந்திருந்தது. மரியாதைக்காக மத்தியானம் வரைக்கும் பூட்டிவிட்டு, எல்லாரும் வாசல் ஓரமாக நிழலில் நின்றார்கள். கண்ணாடிக்காரி என்பது தடிமனான மூக்குக்கண்ணாடி போட்ட நாற்பது வயசுக்காரி. அவருக்குப் பக்கத்து மேசை. அழுது அழுது கண்ணாடியெல்லாம் புகைபிடித்தாற்போல் இருந்தது. உள்ளே வந்தவள் மணிக்கட்டைப் பார்த்ததும் விசும்பினாள்.

"எழுநூத்தி முப்பத்திமூணு. தெரியுதா?" என்றாள் தையற்காரி.

"தெரியும் அக்கா. நேத்து மத்தியானம் வந்த சாம்பிள். நெகட்டிவ். நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன்."

"அது முதல் தடவை. ரெண்டாவது?"

கண்ணாடிக்காரி விழித்தாள். "ரெண்டாவது... ஸ்ட்ரிப் தீந்துபோச்சு அக்கா. ஸ்டோர்ல இருந்து புது டப்பா இன்னைக்குக் காலையில எடுக்கணும்னு சொல்லிட்டிருந்தாரு."

"சாம்பிள் இருக்கா?"

"பிரிட்ஜ்ல இருக்கும். ஆனா அக்கா..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு வருஷத்துல ரெண்டாவது தடவையில பாசிட்டிவ் வந்தது மொத்தம் மூணு பேருக்குத்தான். அதிகமா ஒண்ணும் இருக்காது. சாயங்காலம் நானே போய்ப் போட்டுடறேன். சத்தியமா."

மூன்று பேர் என்பது தையற்காரிக்கும் தெரியும். அந்த மூன்று எண்ணையும் அவளால் தூக்கத்தில் சொல்ல முடியும். அதிகமாக ஒன்றும் இருக்காதுதான். தொண்ணூற்றொன்பது பங்கு இருக்காது.

"அந்த ஆளு வார்டுலதான் இருக்காரா? கேட்டுச் சொல்லு."

கண்ணாடிக்காரி போனை எடுத்து வார்டுக்குப் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. போனை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னைக்கு டிஸ்சார்ஜ். முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும்னு கேட்டதுக்கு மாட்டேன்னுட்டாராம். ரத்தத்துல இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சேன்னு டாக்டரும் விட்டுட்டாரு. தூரத்து ஊர். இப்போதான் சீட்டு வாங்கிட்டுக் கிளம்பினாராம், போன் போட்டாலும் எடுக்கலையாம்."

தையற்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். காகிதம் கண்ணில் படவில்லை. ஜன்னல் விளிம்பில் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்த சாமான்கள் இருந்தன: பஸ் பாஸ், சீப்பு, நீலப் பேனா. பேனாவை எடுத்துத் தன் இடது மணிக்கட்டில் 733 என்று எழுதிக்கொண்டாள். கீழே ஒரு புள்ளி வைத்தாள்.

"அதான் எழுதிக்கிட்டேல்ல?" என்றாள் நாத்தனார் விடாமல். "இனி அவன் கையைக் கழுவ என்ன தடை?"

"அவர் கணக்கு முடியல அண்ணி. கழுவினா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

அது அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது. ஆனால் பதினோரு வருஷம் அந்தக் கையை அவர் எதற்காக நனைக்காமல் காத்தாரோ, அதைக் கடைசி நாளில் அவள் போய்த் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுவதாவது!  கையை மேசை மேல் பத்திரமாக வைத்து, மேலே உலர்ந்த துணியை மூடினாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

ஸ்டோர் சாவி யாரிடம் என்று அவளுக்குத் தெரியும். சாவிக்கொத்து என்று ஆய்வகமே கூப்பிடும் அந்த ஸ்டோர்காரர் கேட்டருகே தனியாக நின்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. புருஷனுக்கும் அவருக்கும் பதினோரு வருஷமாக ஓயாத சண்டை. "ஒரு ஆளுக்கு ரெண்டு ஸ்ட்ரிப்பா? உங்க வீட்டுச் சொத்தா?" என்று அவர் கத்துவதும், "ஆமா, ஒண்ணு எங்க வீட்டுது" என்று புருஷன் சிரிப்பதும் வாரம் ஒரு தடவை நடக்கும்.

"அண்ணே, புது ஸ்ட்ரிப் டப்பா வேணும். இப்பவே."

ஸ்டோர்காரர் அவளைப் பார்த்தார், கண்ணாடிக்காரியைப் பார்த்தார், தையற்காரியின் மணிக்கட்டைப் பார்த்தார். "ரெண்டாவதுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டாவதுக்கு."

"போயும் என்னை நிம்மதியா விடமாட்டான் போல" என்றார்.  முகத்தைத் திருப்பிச் சாவிக்கொத்தை இழுத்து எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்காரிக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகத் தன் ஸ்கூட்டருக்குப் போனார். இரண்டு பேரும் ஏறி, தெருமுனை திரும்பி மறைந்தார்கள்.

மணி பதினொன்று. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம், ஸ்டோர் திறக்கப் பத்து நிமிஷம், சாம்பிளை வெளியே எடுத்து நீர்க்க வைக்க ஐந்து நிமிஷம், ஸ்ட்ரிப்புக்குப் பத்து நிமிஷம். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற நேரம், காலர் மடிக்கிற நேரம் என்று நிமிஷத்தை அளந்தே பழகியவள் அவள். மனசுக்குள் அளந்தாள்.

கேட்டுக்கு வெளியே பஸ் நடத்துநர் சீருடையில் ஒரு பெண் வெகுநேரமாக நின்றிருந்தாள். தோளில் டிக்கெட் பை. சொந்தக்காரியும் இல்லை, ஆஸ்பத்திரிக்காரியும் இல்லை. உள்ளே வரவும் தயக்கம், போகவும் மனமில்லை. தையற்காரி திரும்பியபோது அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"நீங்க சாரோட..." என்று நிறுத்தினாள். சுற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் நானூத்திப் பதினெட்டு."

 நானூத்திப் பதினெட்டு! மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் புருஷன் மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து, போனில் எடுத்த படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஸ்ட்ரிப்பின் படம். "கண்ணாடிக்காரி கோடு இல்லேங்கறா. எனக்கு இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. வெள்ளைத் துணியில வெள்ளைச் சாக்பீஸ் கோட்டைப் பாக்கற கண்ணு உன்னுது. சொல்லு." அவள் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருந்தது. துவைத்த துணியில் பழைய தையல் தடம் தெரியுமே, அந்த அளவுக்கு. இருக்கு என்றாள். கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று அவர் குதித்துக்கொண்டு ஓடினார். தலைவலிகூட வராத நானூத்திப் பதினெட்டுக்கு அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஒரு வேளை விடறதில்லக்கா. மூணு வருஷம் ஆச்சு. பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சுட்டா." நடத்துநர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவரு என் பஸ்ல ஏறுனா என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கமாட்டாரு. நாலு பேர் எதிர்ல எனக்குச் சங்கடம்னு. இறங்கும்போது மட்டும், 'தலைவலி ஒண்ணும் இல்லையே'ன்னு டிக்கெட்டைப் பாத்துக்கிட்டே கேப்பாரு. டிரைவர் ஒருநாள், யாரும்மா அந்தாளு, டிக்கெட்டுகிட்ட உடம்பு விசாரிக்கிறாருன்னான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டு வாசலில் சிரிக்கிறார்களே என்று யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தையற்காரிக்கு அழுகை வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து வராத அழுகை. நடத்துநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு வண்டி வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. வண்டிக்காரர் இறங்கி, அடுத்த சவாரி இருக்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றார். நாத்தனார் உள்ளேயிருந்து வந்தாள். மகன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான்.

"தம்பியை இன்னும் எவ்வளவு நேரம் மேசை மேல போட்டு வைக்கப் போற?" நாத்தனாருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "யாரோ ஒருத்தன். முகம் தெரியுமா, பேர் தெரியுமா? அவனுக்காக என் தம்பி காத்துக்கிடக்கணுமா?"

"காத்துக்கிடப்பாரு அண்ணி. உயிரோட இருந்தா வண்டியைத் திருப்பி அனுப்பிட்டுப் போயிருப்பாரு. உங்களுக்குத் தெரியாதா உங்க தம்பியை?"

 மகன் வண்டிக்காரரிடம் போய், "கொஞ்சம் பொறுங்க. ஒரு டெஸ்ட் ரிசல்ட் வரணும்" என்றான்.

வண்டிக்காரர் வீட்டையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இறந்தவருக்கா?"

"ஆமா" என்றான் மகன்.  அந்த நொடியில் அவன் அப்படியே அப்பாவைப் போல இருந்தான்.

போன் அடித்தது. தையற்காரி முதல் மணியிலேயே எடுத்தாள்.  பின்னால் சாவிக்கொத்து கிலுங்கும் சத்தம்.

"அக்கா," என்றாள் கண்ணாடிக்காரி. "ரெண்டு கோடு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அக்கா. ரெண்டாவது சும்மா தடித்தடியா வந்திருக்கு. ஸ்டோர் அண்ணனும் பாத்தாரு. இன்னொரு ஸ்ட்ரிப் அவரே பிரிச்சுக் கொடுத்தாரு, அதுலயும் வந்துடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, மருந்து தயார் பண்றாங்க. ஆனா ஆளு போயிட்டாரு அக்கா. போன் போட்டா எடுக்கல. பதினொண்ணரை பஸ்ல ஏறிட்டாருன்னு வாசல் காவலாளி சொல்றாரு. பச்சைச் சட்டை, கையில ஒரு நீலப் பை. அந்த பஸ் போய்ச் சேர அஞ்சு மணி நேரம் ஆகும்."

"பதினொண்ணரை பஸ்லயா? பச்சைச் சட்டை, நீலப் பை..." என்று தையற்காரி வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நடத்துநர் அவள் முகத்தைப் படித்துவிட்டாள்.

"எந்த பஸ்க்கா? பதினொண்ணரைன்னா எங்க டிப்போ வண்டிதான். இன்னைக்கு டூட்டிக்கு வந்த இடத்துல சாரைப் பத்திக் கேள்விப்பட்டு லீவு சொல்லிட்டேன், எனக்குப் பதிலா போனவங்கதான் அதுல இருக்காங்க." சொல்லிக்கொண்டே அவள் தன் போனில் எண்ணைத் தட்டிவிட்டாள். காதில் வைத்துக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள். "ஹலோ, நான்தான் பேசறேன். எங்க இருக்கீங்க? பாலம் தாண்டலையே? நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல பச்சைச் சட்டை போட்டு, நீலப் பையோட ஒருத்தர் ஏறியிருப்பாரு பாரு. மருந்துப் பையை அங்கேயே விட்டுட்டாரு. ஆமா, முக்கியமான மருந்து. வேற ஒண்ணும் கேக்காத, அவரைப் பாலத்துக்கிட்ட இறக்கி, எதிர்ல வர நம்ம வண்டியில ஏத்திவிடு. ஏத்திவிட்டுட்டு எனக்குச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்."

வாசலில் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை.  நாத்தனார் தூணைப் பிடித்துக்கொண்டு, நடத்துநரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பை என்று சொன்னாளே தவிர, அவருக்கு என்ன நோய், என்ன சோதனை என்று அவள் மூச்சு விடவில்லை என்பதைத் தையற்காரி கவனித்தாள். புருஷன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நாலு நிமிஷம் ஆயிற்று. அஞ்சு. வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏறிட்டாரா?" என்றாள் நடத்துநர் போனில். "எதிர் வண்டியில? சரி. சரிம்மா, நீ நல்லா இருப்ப." போனை இறக்கினாள். "திரும்பி வர்றாருக்கா. பன்னிரண்டரைக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல இருப்பாரு. இறக்கிவிட்டு வார்டு வரைக்கும் கூடப் போகச் சொல்லியிருக்கேன்."

தையற்காரி தலையாட்டினாள். அவள் புருஷன் நேற்று உட்கார்ந்த பெஞ்சுக்கு எதிரேதான் அந்த பஸ் நிற்கும்.

உள்ளே போய், மேசை மேலிருந்த உலர்ந்த துணியை விலக்கினாள். ஜன்னல் விளிம்பிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, 733க்குக் கீழே, முதல் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். குளிர்ந்துபோன தோலில் மை பிடிக்கவில்லை. பேனாவைத் தன் உள்ளங்கையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். இந்தத் தடவை விழுந்தது. சின்னப் புள்ளி, அவர் வைப்பதைவிடக் கொஞ்சம் கோணல்.

"பாத்துக்கோங்க" என்றாள் அவரிடம், குழாயடியில் அவர் அவளிடம் காட்டுவாரே, அந்த மாதிரி.

நாத்தனார் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அவளிடம் நீட்டினாள்.

"நீயே கழுவு" என்றாள். "எனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும். சின்ன வயசுலயும் அப்படித்தான். கதவு சாத்தியிருக்கான்னு ரெண்டு தடவை எழுந்து போய்ப் பாப்பான்."

மை சுலபத்தில் போகவில்லை. அவள் வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தாள். எண்கள் மங்கின, பிறகு புள்ளிகள். துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வைத்துவிட்டு, இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவளே தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, கைப் பொத்தானைப் பூட்டினாள்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்து வண்டி கிளம்பிப்போனது. ஸ்டோர்காரரும் கண்ணாடிக்காரியும் வண்டி போவதற்குள் வந்துசேர்ந்தார்கள். எழுநூத்தி முப்பத்திமூணுக்கு ஊசி மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது, இரண்டு வாரம் வார்டில் இருக்கவேண்டும் என்றார்கள். பயந்துபோயிருக்கிறார், ஆனால் சம்மதித்துவிட்டார் என்றார்கள். ஸ்டோர்காரர் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை நடந்தார்.

கூட்டம் கலைந்தபின் மகன் பின்பக்கக் குழாயடியில் வாளியும் குவளையுமாக நின்றான். "கை கழுவும்மா" என்று தண்ணீர் மொண்டான்.

அவள் வலது கையை நீட்டினாள். அவன் ஊற்றினான். இடது கையை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கையும்மா."

"அது இருக்கட்டும்" என்றாள். "ரெண்டு வாரம் ஆகும்னாங்கல்ல."